வெட்டுமுன் எண்ணுக

சிங்கப்பூரில் 2024 டிசெம்பர் 12ஆந் திகதி நிகழ்ந்த உலகச் சதுரங்க வாகைப் போட்டியின் இறுதியான 14ஆம் ஆட்டத்தை மாணவர் பொருட்டு ஈண்டு ஆராய்வாம். சீனத்து டிங் லிரெனும் சென்னைக் குகேஷும் தலைக்கு 6½ புள்ளிகளுடன் சமமாய் நின்றனர். வெள்ளை ஆடிய டிங்கிடம் யானை, மந்திரி, ஒரு காலாள். குகேஷிடம் ஒரு காலாள் மிகுதி. பொறுமையுடன் காத்திருப்பின் ஆட்டம் சமநிலையிலேயே முடிந்திருக்கும்.

55ஆம் நகர்வில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய மந்திரியோ மூலைக் கட்டத்தில் ஒதுங்கியிருந்தது. யானைகள் வெட்டுண்டதும், அம்மந்திரிக்குரிய ஒரே மூலைவாட்டுவழியில் குகேஷ் தம் மந்திரியை எதிர்நிறுத்தினார், அம்மாற்றமும் தவிர்க்கவொண்ணாததாயிற்று. எஞ்சியவை அரசரும் காலாட்களுமே. அந்நிலையில் மிகுதியான அவ்வொரு காலாளே வெற்றியைத் தந்தது. 58 நகர்வுகளில் ஆட்டம் முடிய, 18 வயதுக் குகேஷ் உலக வாகையரானார்.

காய் குறைந்தால் அபாயமுங் குறையுமென எண்ணற்க. வெட்டுமுன், எஞ்சுவது யாதெனக் கணித்தல் வேண்டும்.