பாடப் புத்தகமும் நம் பிள்ளைகளின் ஈமானும்

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

திருநகர்ப் பகுதியில் மக்தபில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் மக்ரிபுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பரீட்சையில் பரிணாமக் கேள்வி வந்தால் எழுதலாமா? எழுதினால் ஈமான் போய்விடுமா?" என்று கேட்டார். சற்றும் யோசியாமல், "அதை விட்டுவிடு தம்பி" என்றேன். அவரும் விட்டுவிட்டார். மதிப்பெண் குறைந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், சில மாதங்களில் அவர் மக்தபுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். "ஹஜ்ரத்துக்கு இதெல்லாம் தெரியாது" என்று தம் அத்தாவிடம் சொன்னாராம். அவர் சொன்னது சரிதான். அந்தப் பாடத்தைப் படித்துப் பாராமலே நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்று திருமறையின் 17-வது அத்தியாயம் 36-வது வசனம் எச்சரிப்பது ஆலிம்களுக்கும் சேர்த்துத்தான்.

பாடத்தில் இருப்பது என்ன?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்றோர் அலகு உண்டு. 1859-ல் டார்வின் தம் நூலில் வெளியிட்ட கருத்தே அதன் அடிப்படை. குரங்கு ஒருநாள் மனிதனாக மாறியது என்று நாம் கேலி பேசுகிறோமே, அறிவியலார் அப்படிச் சொல்லவில்லை. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுக மாறுகின்றன, மனிதனுக்கும் குரங்கினத்துக்கும் மிகப் பழங்காலத்தில் பொதுவான மூதாதை உண்டு என்பதே அவர்கள் கூற்று. புதைபடிவங்களையும் உறுப்பமைப்பையும் மரபணுக்களையும் அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இதை உள்ளபடி தெரிந்துகொள்ளாமல் மறுப்பது நீதியாகாது.

பாடத்தை நீக்கினால் தீருமா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1925-ல் இப்பாடத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டு டேட்டன் நகரில் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். பின்னர் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. 1967-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

நம் நாட்டில் 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுத்தன. பிறகு, கொரோனாவுக்குப் பின் சுமையைக் குறைப்பதாகக் கூறி, என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் நீடித்தாலும், பத்தாவதோடு உயிரியலை விடும் பிள்ளைகளுக்கு அது எட்டாமற் போனது.

இதைக் கேட்டு நம்மில் சிலர் மகிழ்ந்தார்கள். சகோதரர்களே, ஒன்றைக் கவனியுங்கள். இதே திருத்தத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடமும் போயிற்று. அதற்காக வருந்தினோம். ஒரே கத்தரிக்கோல் நமக்குப் பிடிக்காததை வெட்டும்போது கைதட்டிவிட்டு, பிடித்ததை வெட்டும்போது மட்டும் நியாயம் கேட்க முடியுமா?

ஈமானின் எல்லை

ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் மண்ணிலிருந்து படைத்தான் என்பது நம் அகீதா. அதில் நமக்குத் தடுமாற்றம் இல்லை. மற்ற உயிர்களைப் பொறுத்தவரை, அவன் நீரிலிருந்து படைத்ததாகத் திருமறை கூறுகிறது. எந்தெந்தப் படிகளில் என்று விரித்துரைக்கவில்லை. பூமியில் பயணம் செய்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்குமாறு 29-வது அத்தியாயம் 20-வது வசனம் ஏவுகிறது. பார்க்கச் சொன்ன மார்க்கம் பார்வைக்கு அஞ்சுமா? லெபனானின் திரிப்போலியைச் சேர்ந்த ஆலிம் ஹுஸைன் அல்ஜிஸ்ர், 1888-ல் வெளிவந்த 'அர்ரிஸாலத்துல் ஹமீதிய்யா'வில் பரிணாமத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் உறுதியான ஆதாரம் கிடைத்தால் வசனங்களுக்கு அதற்கேற்ப விளக்கம் காண இடமுண்டு என்றும், அதனால் படைத்தவன் இல்லை என்று ஆகிவிடாது என்றும் எழுதினார். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

மஸ்அலா

பரீட்சையில் எழுதலாமா? தாராளமாக எழுதலாம். ஒருவர் சொன்னதை எடுத்துரைப்பது வேறு, ஈமான் கொள்வது வேறு. பிர்அவ்ன் தன்னையே இறைவன் என்று சொன்னதைத் திருமறை எடுத்துரைக்கிறது. அதை ஓதுகிறவர் பிர்அவ்னை ஏற்றவராகிவிடுவதில்லை. கேட்ட கேள்விக்குப் பாடத்தில் உள்ள விடையை முழுமையாக எழுதுவதே அமானிதம்.

பெற்றோர்களே, பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பாடப் புத்தகத்தை வாங்கிப் பிள்ளையுடன் சேர்ந்து படியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அறிவியலை அறிவியல் ஆசிரியரிடமும் அகீதாவை ஆலிமிடமும் கேளுங்கள். ஆலிம்களும் அவ்வாறே படித்துவிட்டுப் பேச வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளை ஈமானை இழந்த பிள்ளை அல்ல. கேட்பதை நிறுத்திக்கொண்ட பிள்ளைக்காகத்தான் நாம் கவலைப்பட வேண்டும். அந்த மாணவரை நான் தேடிச் சென்று என் தவறை ஒப்புக்கொண்டேன். இப்போது ஜும்ஆவில் முன் ஸஃப்பில் அவரைக் காண்கிறேன், அல்ஹம்து லில்லாஹ்.

பயனுள்ள கல்வியையும் தெளிவான ஈமானையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஒருசேரத் தந்தருள்வானாக! ஆமீன்.