முள் நடுவில் நின்றால் மட்டும் போதாது

"முள் நடுவுலதான நிக்குது, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது." கார் வைத்திருப்பவர் சொல்கிறார், வாடகை வண்டி ஓட்டுகிறவர் சொல்கிறார், எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய மெக்கானிக்கும் சில நேரம் சொல்கிறார். என்ஜின் சூட்டைப் பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் இதைப்போல் பணத்தைக் கரைப்பது வேறில்லை. டேஷ்போர்டில் 'சி'க்கும் 'ஹெச்'சுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் அந்த முள்ளை நம்பி மலை ஏறியவர்கள், பிறகு வளைந்துபோன சிலிண்டர் ஹெட்டை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முள்ளில் பழுது எதுவும் இருக்காது. அசையாமல் நிற்கும்படியேதான் அதை அமைத்திருக்கிறார்கள்.

பழைய வண்டிகளில் சென்சாரிலிருந்து வரும் கம்பி நேராக மீட்டருக்குப் போகும். ஏற்றத்தில் முள் ஏறும், இறக்கத்தில் இறங்கும். முள் கொஞ்சம் நகர்ந்ததும் பயந்துபோய் வண்டியை சர்வீசுக்குக் கொண்டுவந்தவர்கள் ஏராளம். அந்தப் புகாரை ஒழிக்க நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. இப்போது நடுவில் இருக்கும் கம்ப்யூட்டர் முள்ளை அடக்கி வைக்கிறது. மாடலுக்கு மாடல் அளவு மாறும் என்றாலும், பல கார்களில் ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். தெர்மோஸ்டாட் திறப்பது 82 முதல் 90 டிகிரிக்குள். அதற்கு மேல் 105 வரை என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ரேடியேட்டரில் பாதிக் குழாய் அடைத்திருக்கலாம், ஃபேன் வேகம் குறைந்திருக்கலாம், கூலன்ட் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருக்கலாம். முள் நகரத் தொடங்கும்போது, தாங்கும் அளவில் பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அந்த சென்சார் அளப்பது கூலன்டின் சூட்டை. என்ஜின் உலோகத்தின் சூட்டை அல்ல. ஹோஸ் வெடித்து கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால், சென்சார் வெற்றுக் காற்றிலும் ஆவியிலும் தொங்கும், குறைவாகக் காட்டும். அப்போது முள் கீழே இறங்குவதும் உண்டு. அதைப் பார்த்து "அப்பாடா, குளிர்ந்துவிட்டது" என்று ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்குச் சூட்டை எடுத்துச்செல்ல ஒரு துளி திரவம் இல்லை. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கின்மேல் போல்ட் போட்டு இறுக்கிய அலுமினிய ஹெட் எங்கே விரியும்? வளையும், ஹெட் கேஸ்கட் போகும். ஏற்றத்தில் முள் திடீரென்று இறங்கினால் அது ஆபத்தின் அறிகுறி.

"சிவப்பு லைட் எரியுமே" என்பார்கள். பெரும்பாலான கார்களில் அந்த லைட்டுக்குச் செய்தி சொல்வதும் அதே சென்சார்தான். சில சிறிய கார்களில் முள்ளே கிடையாது. என்ஜின் குளிர்ந்திருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா?" என்பது அடுத்த கேள்வி. நன்றாகத் தெரியும். என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சரியான டிகிரி ஒவ்வொரு நொடியும் போய்க்கொண்டிருக்கிறது. எரிபொருள் அளவையும் ஃபேனையும் அது அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. ஓட்டுகிறவருக்கு மட்டும் அந்த எண்ணை மறைக்கிறார்கள்.

ஆகவே மற்ற அறிகுறிகளைப் பழகிக்கொள்ள வேண்டும். நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்த ஏசி ஏற்றத்தில் திடீரென்று வெறுங்காற்றாக வந்தால், கேஸ் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சூடு எல்லை மீறும்போது பல கார்களில் கம்ப்யூட்டரே ஏசி கம்ப்ரசரை நிறுத்திவிடும். ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் இரைவது, கூலன்டின் இனிப்பு வாடை, இழுவை குறைவது, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது என்ஜினில் தட்டல் சத்தம், ஊற்ற ஊற்ற கூலன்ட் பாட்டிலில் அளவு இறங்குவது என்று முள் சொல்லாததைச் சொல்ல நிறைய இருக்கின்றன. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரையும் முழு வேகத்தில் விட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம். ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர். என்ஜின் சூட்டை வெளியே இழுக்கும். ஆவி வருகிறது, சிவப்பு லைட் எரிகிறது, முள் திடீரென்று விழுந்தது என்றால் ஹீட்டரையும் பார்க்காமல் உடனே என்ஜினை அணைக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். குக்கர் மூடிபோல் அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. திறந்த கணத்தில் அது கொதித்துப் பீய்ச்சி முகத்தில் அடிக்கும். அந்த மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் இன்னொரு தொல்லை: உள்ளே அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதிக்கும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போகும் முன் டயர் காற்றைப் பார்ப்பவர்கள் இந்த மூடியைப் பார்ப்பதே இல்லை.

மற்றவை சுருக்கமாக. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றிப் போடுவது தவறு. என்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கு வரத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ரேடியேட்டர் அடைப்பு அப்படியே இருக்கும். பனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்பதும் தவறு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் காறை படியும். வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடுவது பல கார்களில் இயல்பு. கொதிக்கும் என்ஜின்மேல் குடம் தண்ணீரைக் கொட்டுவது ஹெட்டை விரிசல் விடச் செய்யும் வேலை.

முள் மறைக்கும் எண்ணைப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு ஓபிடி 2 என்னும் பழுதறியும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கான சாக்கெட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். அதில் ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகினால் கூலன்ட் சூடு டிகிரிக் கணக்கில் செல்போனில் தெரியும். சாதாரண நாளில் உங்கள் வண்டி எந்த எண்ணில் ஓடுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், 8 டிகிரி கூடும்போதே சந்தேகம் வரும். ஆனால் இதை நாம் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்க வேண்டியிருப்பது அநியாயம். டச் ஸ்கிரீனில் பாட்டு, படம், வீட்டு முகவரி எல்லாம் காட்டும் காரில், கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் ஓர் எண்ணைக் காட்ட என்ன செலவு? அடுத்த கார் வாங்கும்போது சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் ஷோரூமில் இதைக் கேளுங்கள்: என்ஜின் சூடு எண்ணாகத் தெரியுமா?