வழுவழுத்த பந்துக்குப் பிடிமானம்

டென்பின் பவுலிங் ஆடி, சொந்தமாகப் பந்தும் வாங்கியவர்கள் ஒரு கட்டத்தில் ஒரே புகாரோடு வந்து நிற்பார்கள். "அண்ணா, பந்து செத்துப்போச்சு. முன்ன மாதிரி திரும்ப மாட்டேங்குது." வாங்கிய புதிதில் லேனின் கடைசிப் பகுதியில் வெடுக்கென்று உள்ளே திரும்பிப் பின்களுக்குள் புகுந்த பந்து, இப்போது நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். கையில்தான் கோளாறு என்று சிலர் ரிலீஸை மாற்றிப் பார்ப்பார்கள். சிலர் அடுத்த பந்துக்குப் பணம் சேர்ப்பார்கள். இரண்டுக்கும் முன்னால் பந்தை நன்றாகத் துடைத்துவிட்டு, டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள் என்று நான் சொல்வேன். விரல் துளைகளை ஒட்டினாற்போல், மற்ற இடங்களைவிட அதிகம் மினுக்கும் ஒரு பட்டை தெரியும். பந்து தரையைத் தொட்டு உருளும் தடம் அது. பெரும்பாலும் நோயும் அங்கேதான் இருக்கும்.

சென்னையில் இந்த விளையாட்டுக்கு ஆள் பஞ்சம் இல்லை. தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற ஷபீர் தன்கோட் இந்த ஊர்க்காரர்தான். பந்தைப் பார்த்துக்கொள்ளும் கடையைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நல்ல ரெசின் பந்து எல்லாமே இறக்குமதி. ஆறேழு கிலோ எடை என்பதால் பந்தின் விலையோடு வரியும் கூரியர் செலவும் சேர்ந்து மலைக்க வைக்கும். அதனால்தான் ஸ்பின்னர் எனப்படும் சின்ன இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தேன். ஒரு மோட்டார், அதன் மேல் பந்து உட்கார ஒரு கிண்ணம், தண்ணீர் தெறிக்காமலிருக்கச் சுற்றிலும் ஒரு தொட்டி, அவ்வளவுதான். என் பந்துகளையும் நண்பர்களின் பந்துகளையும் அதில் வைத்துத் தேய்த்துப் பழகியதில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பிடிமானம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் முன்பகுதி முழுக்க, பெரும்பாலும் 40 அடி வரை, எண்ணெய் பூசியிருப்பார்கள். அங்கே பந்து சறுக்கும். எண்ணெய் முடிந்து காய்ந்த பலகை வந்ததும் பந்தின் தோல் தரையைப் பற்றும், அப்போது திரும்பும். அந்தப் பற்றுதல், கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் வேலை. தேய்ந்த டயர் ஈரச் சாலையில் வழுக்குவது போல, கீறல் மழுங்கிய பந்து எண்ணெயில் வழுக்கும். அமெரிக்காவின் பவுலிங் அமைப்பான யுஎஸ்பிசி பந்தின் நகர்வை ஆராய்ந்தபோதும், மேற்பரப்பின் சொரசொரப்பு முன்வரிசைக் காரணமாக வந்தது. கடையில் எல்லோரும் உள்ளே இருக்கும் கோர் வடிவத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் தோலைத்தான் முதலில் கேட்பேன்.

இன்னொரு காரணம் எண்ணெய். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துகளின் தோலில் நுண்துளைகள் உண்டு. லேனிலிருக்கும் எண்ணெயை அவை உறிஞ்சும். பந்து புதிதாக இருக்கும்போது இது ஒரு வரம். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டு தரையைப் பற்றுகிறது. ஆட்டங்கள் கூடக் கூடத் தோல் எண்ணெயில் ஊறிவிடும். அதனால் கீறல் மழுங்கியதும் எண்ணெய் ஏறியதும் இரண்டு தனிக் கோளாறுகள். ஸ்பின்னர் முதலாவதைத்தான் தீர்க்கும். எண்ணெய் ஊறிய பந்தை அப்படியே ஏற்றித் தேய்த்தால் இரண்டொரு ஆட்டம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதைதான். தேய்க்கும் பேடும் எண்ணெய் குடித்துப் பாழாகும். எனவே எண்ணெயை இறக்கிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

எண்ணெய் இறக்க ஒரு பக்கெட் வெந்நீர் போதும். கொதிநீர் கூடாது, 60 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். விரல் துளைகளை நீர் புகாத டேப்பால் மூடி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, இருபது நிமிடம் வைத்தால் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கும். பந்தை எடுத்ததும் துடைத்துவிட வேண்டும். விட்டால் தோல் அதையே திரும்பக் குடிக்கும். 12 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பந்து மூழ்கும். 10, 11 பவுண்டுப் பந்து மிதக்கும் என்பதால் அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். படலம் வருவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். சூடான பந்தைக் குளிர்ந்த நீரில் போடக் கூடாது, வெடிப்பு விடும்.

இனி ஸ்பின்னர். நான் பயன்படுத்துவது ஃபின்லாந்தின் மிர்கா நிறுவனம் செய்யும் அப்ராலான் பேடுகள். பின்புறம் ஸ்பாஞ்ச் இருப்பதால் பந்தின் வளைவுக்கு ஏற்ப வளையும், தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். எண் குறைந்தால் முரடு, கூடினால் மென்மை: 500, 1000, 2000, 4000 என்று போகும். பேடை நனைத்து, ஓடும் பந்தின் உச்சியில் வைத்து, உள்ளங்கையால் ஒரே சீராக அழுத்தியபடி உச்சியிலிருந்து இடுப்பு வரை இறக்கி ஏற்ற வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சிறிது நேரத்தில் பந்தின் நிறத்தில் பால் போன்ற ஒரு குழம்பு வழிந்து தொட்டியில் இறங்கும். நீலப் பந்தென்றால் நீலக் குழம்பு. சத்தம் தணிந்து, கைக்குத் தட்டுப்பட்ட உதறல் போய், பேடு சீராக ஓடத் தொடங்கினால் அந்தப் பக்கம் முடிந்தது. பந்தைத் துடைத்து, தலைகீழாக்கி மறுபக்கம். பிறகு கால்வட்டம் திருப்பி இரண்டு பக்கம். இந்த நான்கு பக்கமும் முடிந்தால்தான் ஒரு எண்ணின் வேலை முடிந்ததாகக் கணக்கு. திருப்பாமல் விட்டால் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும், பந்து ஒரு பக்கம் ஒரு மாதிரி பிடிக்கும். கையால் மட்டும் தேய்ப்பவர்களுக்கு நேர்வது இதுதான். இயந்திரத்துக்கு நான் கொடுக்கும் மரியாதையும் இதற்காகத்தான்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரமும் அழுத்தமும் ஒன்றாக இருக்கட்டும். மனதுக்குள் முப்பது வரை எண்ணினால் போதும். பழைய 500 பேடு 1000 போலத்தான் வேலை செய்யும். அதன் முதுகில் எத்தனை பந்துக்குப் பயன்படுத்தினோம் என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். தொளதொளச் சட்டைக் கையும் துப்பட்டாவும் இயந்திரத்தின் பக்கம் வரவே கூடாது. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம், எர்த் இல்லாத பிளக்கில் போடாதீர்கள்.

எந்த எண்ணில் நிறுத்துவது என்பதில்தான் ரசனை வருகிறது. 500-ல் நிறுத்தினால் பந்து சீக்கிரமே தரையைப் பற்றும், மெதுவாக வளையும். எண்ணெய் மிகுந்த லேனுக்கு ஏற்றது. 4000 வரை போனால் நீளமாகச் சறுக்கி, கடைசியில் சட்டென்று திரும்பும். நம் ஊரில் பொழுதுபோக்குக்கு ஆடுபவர்களே அதிகம் வரும் லேன்களில் எண்ணெய் பெரும்பாலும் மெல்லிசாகத்தான் இருக்கும். அங்கே 500-ல் தேய்த்த பந்து பாதி வழியிலேயே திரும்பி வலுவிழந்துவிடும். சந்தேகமாக இருந்தால் 2000-ல் நிறுத்துங்கள். நான் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துகிறேன். ஆடிப் பார்த்துவிட்டு ஒரு படி முன்னோ பின்னோ போகலாம். பளபளவென்று பாலிஷ் போட்டு வந்த பந்துக்கு நேர்மாறான கோளாறு வரும்: ஆட ஆடத் தடத்தில் மட்டும் பளபளப்பு மங்கி, சீக்கிரமே திரும்பத் தொடங்கும். அதையும் முழுதாகத் தேய்த்துவிட்டுத்தான் மறுபடி பாலிஷ் போட வேண்டும். மேலேயே பூசுவது வீண்.

அசிட்டோன் போட்டுத் துடைத்தால் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரசாயனத்தால் தோலை இளக்கிப் பிடிமானம் வாங்கும் ஆசை பழையது. 1973-ல் அமெரிக்காவின் டான் மக்யூன் பிளாஸ்டிக் பந்துகளை ரசாயனத்தில் ஊறவைத்து ஆடி அந்த ஆண்டின் சிறந்த வீரரானார். அதன் பிறகுதான் பந்தின் கடினத்துக்குக் கீழெல்லை வைத்தார்கள். வீட்டில் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, அங்கீகரித்த கிளீனரோ போதும். யுஎஸ்பிசி விதிப்படி நடக்கும் போட்டி என்றால் ஆட்டத்தின் நடுவே உலர்ந்த துண்டு மட்டும்தான். திரவமும் பேடும் கூடாது. ஆகவே தேய்ப்பதை முதல் நாளே முடித்துவிடுங்கள். உலர்ந்த துண்டுதானே என்று அலட்சியமும் வேண்டாம். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் மைக்ரோஃபைபர் துண்டால் எண்ணெய் வளையத்தைத் துடைப்பவரின் பந்து வெந்நீர்ப் பக்கெட்டுக்கு வரும் முறை மிகவும் குறைவு.

சில பந்துகளை நான் ஸ்பின்னரில் ஏற்றுவதே இல்லை. லேனில் பொதுவுக்கு வைத்திருக்கும் பாலியஸ்டர் பந்து திரும்புவதற்காகச் செய்ததல்ல. எவ்வளவு தேய்த்தாலும் ரெசின் ஆகாது. அதை ஸ்பேருக்கு, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை நேராக அடிக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். விரல் துளையிலிருந்து மயிரிழை வெடிப்பு ஓடும் பந்தையும் ஏற்ற மாட்டேன். நகத்தால் குறுக்கே தடவினால் தட்டுப்படும். சுற்றும் வேகத்தில் அது பிளந்தால் அருகில் நிற்பவருக்கு ஆபத்து. சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் கிடந்த பந்துகளில்தான் இந்த வெடிப்பை அதிகம் பார்க்கிறேன். ஆட்டம் முடிந்ததும் பந்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, நிழலான இடத்தில் துளைகள் மேலே பார்க்க வையுங்கள்.