ஒரே வகுப்பு, பல வீட்டுப் பிள்ளைகள்

பனியன் கம்பெனிகள் சூழ்ந்த திருப்பூர்ப் பகுதி ஒன்றில் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். என் மூன்றாம் வகுப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு, வேலை தேடி வந்த தேனி, விருதுநகர்க் குடும்பத்துப் பிள்ளைகளும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் உண்டு. "எல்லாப் பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான்" என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம். அன்பு காட்ட அது போதும், பாடம் நடத்தப் போதாது. எந்தப் பிள்ளைக்கு எது தடை என்று தெரிந்தால்தான் பாடம் எல்லாரிடமும் போய்ச் சேரும். எனக்குக் கைகொடுத்த வழிகள் சில.

தப்பு போடும் முன் கேளுங்கள்

ஒடிசாவில் படித்துவிட்டு வந்து சேர்ந்த சிறுமி ஒருத்தி, இரண்டையும் இரண்டையும் கூட்டி 8 என்று எழுதியதுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தேன். அந்த 8-இன் மேல்பக்கம் மூடாமல் திறந்திருந்தது. "எத்தனை, விரலில் காட்டு கண்ணு" என்று சைகை செய்தேன். நான்கு விரல்களை நீட்டினாள். ஒடியா எழுத்தில் நான்கின் வடிவம் அப்படித்தான் இருக்கும், இந்தி எண்ணிலும் ஏறக்குறைய அதே வடிவம். அவளுக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, நாம் எழுதும் எண்தான் பழக்கமில்லை. சுழியம் முதல் ஒன்பது வரை அவள் ஊர் எண்களை அட்டையில் எழுதச் சொல்லி, பக்கத்தில் நம் எண்களை நான் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மற்ற பிள்ளைகள் அவளிடம் போய் எழுதக் கற்றுக்கொண்டார்கள். வாய் திறக்காமல் இருந்தவள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

அதனால், வெளிமாநிலப் பிள்ளை வந்தால் முதலில் கணக்கில் தொடங்குங்கள். மொழி குறுக்கே நிற்காத இடத்தில் பிள்ளைக்குத் தைரியம் வரும். அவர்கள் தங்கள் மொழியிலேயே முணுமுணுத்து எண்ணினால் தடுக்க வேண்டாம்.

பேசாமல் இருக்கவும் நேரம் கொடுங்கள்

புதிதாகத் தமிழ் கேட்கும் பிள்ளை பல வாரம் பேசாமலே இருக்கும். அதை வைத்து ஒன்றும் புரியவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. "ஜன்னலைச் சாத்து", "சிவப்பு பென்சிலை எடுத்து வா" என்று வேலை சொல்லிப் பாருங்கள். செய்துவிட்டால் மொழி உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பக்கத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளையைவிட நன்றாகப் பேசுகிற பிள்ளையை உட்கார வையுங்கள். வகுப்பறையில் கற்பதைவிட அதிகத் தமிழை விளையாட்டு மைதானத்தில் கற்றுக்கொள்வார்கள்.

நிலை பட்டப்பெயர் ஆகிவிடக் கூடாது

2022-23 கல்வியாண்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள் உண்டு. வேறு வேறு நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு வேறு வேலை கொடுக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் "இவன் அரும்பு" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டால் அந்தப் பெயரே ஒட்டிக்கொள்ளும். தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருப்பான். பாடத்துக்குப் பாடம் குழுவை மாற்றுகிறேன். கதை சொல்லவும் படம் வரையவும் எல்லா நிலையினரையும் கலந்து உட்கார வைக்கிறேன்.

உட்காரும் இடத்தில் கவனம் வேண்டும்

காது சரியாகக் கேட்காத பிள்ளையை முன்னால் உட்கார வைத்தால் மட்டும் போதாது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் நம் உதடு அவனுக்குத் தெரியாது. எழுதி முடித்துத் திரும்பி நின்று பேச வேண்டும். எழுத்துகளை மாற்றி மாற்றிப் போடுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காலத்தோடு காட்டிவிடுங்கள்.

சாதியும் வகுப்பறைக்குள் வந்து உட்காரும். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அகர வரிசைப்படி உட்கார வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. நான் வாரந்தோறும் இடம் மாற்றுகிறேன். உதவித்தொகைப் படிவத்துக்காகச் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்துவதே இல்லை. பெற்றோரைத் தனியே கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை அத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்பது சின்ன விஷயம் அல்ல.

வீட்டையும் கணக்கில் எடுங்கள்

அம்மாவும் அப்பாவும் இரவு ஷிப்ட்டுக்குப் போகிற வீட்டில் வீட்டுப்பாடத்துக்கு உதவ ஆள் கிடையாது. பிள்ளை தானே செய்யக்கூடியதைத்தான் கொடுக்கிறேன். அவசரமாகப் பேச வேண்டிய பெற்றோரைக் கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். தீபாவளியை அடுத்து வரும் சத் பண்டிகைக்குப் பீகார்க் குடும்பத்தினர் ஊருக்குப் போவார்கள். திரும்பி வரச் சில வாரம் ஆகும். கிளம்பும்போதே பயிற்சித்தாள்களைக் கையில் கொடுத்துவிட்டால், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதற்கெல்லாம் பணமோ தனிப் பயிற்சியோ வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு நோட்டு போடுங்கள், பிள்ளைக்கு ஒரு பக்கம். வீட்டு மொழி, எதில் கெட்டி, எங்கே தடுக்குகிறது, யாரோடு சேர்ந்து விளையாடுகிறது என்று நான்கு வரி எழுதினால் போதும். மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறதோ, அந்தப் பிள்ளையிடம்தான் மறுநாள் முதலில் பேச வேண்டும்.