பழுதை யார் நிரூபிப்பது?

மாணவர்களே, புதிய காரின் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பட்டறையில் குளிர்விப்பு நீரை நிரப்பித் தருகிறார்கள். சில நாளில் மீண்டும் அதே தொல்லை. சூடாவது அறிகுறிதான், கசிவோ, சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட்டோ காரணமாக இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாதவரை பழுது திரும்பி வரும்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் ‘எலுமிச்சைச் சட்டம்’ நடப்பில் உள்ளது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்றால் பழுதான பொருள். கார் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் பழுது, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்பனை நிறுவனத்தின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோரலாம். நிறுவனம் தரும் உத்தரவாதம் இதற்கு மேல் கூடுதல். விற்பனை நிறுவனத்திடம் வாங்கிய பழைய கார்களுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

6 மாதம் கடந்தபின் நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருக்கு. ஆகவே ஆய்வுக்கூடக் குறிப்பேடுபோல் நாள், ஓடிய கிலோமீட்டர், வெப்பமானியின் அளவு ஆகியவற்றை எழுதிவைத்து, பட்டறை ரசீதுகளையும் சேர்த்துவைக்க வேண்டும். ‘அடிக்கடி பழுதாகிறது’ என்பது புகார். ‘6 வாரத்தில் 3 முறை’ என்ற பதிவு சான்று.