டி4-க்குக் கறுப்பில் எதை ஆடுவது?

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேவில், கறுப்புக் காய்களோடு ஆரோனியனை ஆனந்த் 23 நகர்த்தல்களில் வென்ற ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே செமி ஸ்லாவ் ஆட ஆசை வரும். வராமல் இருக்காது. 13ஆம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை எச்7 சிப்பாயை வெட்டுகிறது. ஆனந்த் அதைத் திருப்பி வெட்டவில்லை. தன் குதிரையை ஜி4-க்கு அனுப்புகிறார். பிறகு பிஷப் சி5-இல், இன்னொரு குதிரை இ5-இல். அந்தக் குதிரையை எஃப் சிப்பாய் வெட்டினால் ராணி டி4-இல் செக். ராஜா எச்1-க்கு ஒதுங்கினால் ராணியை ஜி1-இல் பலி கொடுத்து, எஃப்2-இல் குதிரையால் மேட்!

ஆனால் இந்த யோசனை 2012-இல் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகப் பட்டப் போட்டிக்காகத் தயாரானது. செமி ஸ்லாவின் விலை அதுதான்: வீட்டுப்பாடம். ஆனந்த் ஆடிய மெரான் வகை, வெள்ளை இ3 ஆடினால்தான் வரும். பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்தால் போட்வின்னிக், மாஸ்கோ என்று வேறு காடு. அங்கே ஒரு நகர்த்தல் மறந்தாலும் ஆட்டம் போய்விடும்.

கிங்ஸ் இந்தியனில் மனப்பாடம் சற்றுக் குறைவு, துணிச்சல் அதிகம் வேண்டும். நடுப்பலகையை வெள்ளையிடம் விட்டுவிட்டு, பெரும்பாலும் ராஜா பக்கம் சிப்பாய்களை ஓட்டித் தாக்க வேண்டும். தாக்குதல் ஒரு நகர்த்தல் பிந்தினால், ராணி பக்கம் உடைந்துவிடும். நெருக்கடியான நிலையில் பதறுபவர்களுக்கு இது வேண்டாம்.

குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டைச் சலிப்பு என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. சி8 பிஷப் இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபடுவது உண்மைதான். அதற்கு லாஸ்கர் வழியில் தீர்வு உண்டு: குதிரையை இ4-க்கு நகர்த்திக் காய்களை மாற்றிக்கொண்டால் கறுப்பு மூச்சுவிடும். 2010-இல் சோஃபியாவில், டோபலோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஆனந்த் இதைத்தான் ஆடினார். சமநிலையில் நின்ற ஆட்டத்தில் டோபலோவ் தன் ராஜாவைத் திறந்துகொண்டார். கறுப்பில் வென்று ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார்.

1600 ரேட்டிங்கை எட்டாதவர்கள் டிக்ளைன்டிலேயே தொடங்குங்கள். வாரம் சில மணி நேரம் வரிசைகளைப் படிக்க முடிகிறவர்கள் பிறகு செமி ஸ்லாவுக்கு வரலாம். சிப்பாய் அமைப்பு ஓரளவு பழகியிருக்கும். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டும் எதையும் மாற்றாதீர்கள்.