வழியில் நின்றால் சரக்கு வீண்: மொபெட்டில் வைக்க ஒரு பை

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை 4 மணிக்கே சாலையில் மொபெட் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பால் கேன், கத்தரிக்காய் மூட்டை, வாழைத்தார், பூக்கூடை, திராட்சைப் பெட்டி என்று ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு விவசாயிகள் கிளம்பிவிடுகிறார்கள். 1980-ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் தலைச்சுமையாகவும் போன சரக்கு, அதன் பிறகு மெல்ல மெல்ல மொபெட்டுக்கு மாறியது. இன்று சிறு விவசாயிக்கு மொபெட்டும் ஓர் உழவுக் கருவிதான்.

சைக்கிள் காலத்தில் வீட்டுக்கு வீடு காற்றடிக்கும் பம்பு இருந்தது. பஞ்சர் ஒட்டவும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மொபெட் வந்த பிறகு அந்தப் பழக்கம் பல வீடுகளில் விட்டுப்போனது. "ரோட்டில் பஞ்சர் கடை இருக்கிறதே" என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். ஆனால் சரக்கு கிளம்புவது 4 மணிக்கு. பஞ்சர் கடை திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. இடைப்பட்ட அந்த நேரத்தில் டயர் இறங்கினால் நஷ்டம் முழுவதும் விவசாயியின் தலையில்தான் விழும்.

கறந்த பாலைக் குளிர வைக்காவிட்டால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். பால் சங்கத்தில் அளவு முடிந்துவிட்டால் அந்த வேளைப் பாலை எடுக்க ஆள் இல்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் பின்னர் தேனி, கம்பம் முதலிய ஊர்களுக்கும் வந்தது. அங்கும் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தவருக்குத்தான் நல்ல வியாபாரம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோ, காம்பு காய்ந்தால் மணி மணியாக உதிர்ந்துவிடும். இவற்றில் எதுவும் வண்டி சரியாகும்வரை காத்திருக்காது.

பஞ்சர் எதனால் ஆகிறது?

இந்தப் பகுதியில் பஞ்சருக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். வேலி வெட்டிய பிறகு வண்டிப்பாதையில் கிடக்கும் முள் செருப்பையே துளைக்கும், டயர் எம்மாத்திரம்? இரண்டாவது எதிரி, திராட்சைப் பந்தலும் காய்கறிப் பந்தலும் கட்டும்போது வெட்டிப் போடும் கம்பித் துண்டு. இது விவசாயி தன் கையாலேயே போட்டது. பந்தல் வேலை முடிந்த அன்றே கம்பித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டால் பாதிப் பஞ்சர் குறையும்.

மூன்றாவது காரணம் காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த டயரில் பாரம் ஏற்றினால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கிக் கிழியும். வண்டியுடன் வரும் கையேட்டில் தனியாகப் போவதற்கும் பாரத்துடன் போவதற்கும் காற்றளவு தனித்தனியே கொடுக்கப்பட்டிருக்கும். வாரம் ஒரு முறை அந்த அளவுக்குக் காற்றுப் பிடிப்பது நல்லது.

பையில் இருக்க வேண்டியவை

வண்டி வாங்கும்போது கொடுக்கும் கருவிகளோடு கீழ்க்கண்டவற்றையும் சேர்த்து ஒரு ரெக்சின் பையில் போட்டு, நனையாத இடத்தில் கட்டி வைக்கலாம்.

1. டயர் கழற்றும் லீவர் இரண்டு, கைப்பம்பு ஒன்று.

2. பஞ்சர் ஒட்டும் பேட்ச், சொலூஷன், உப்புத்தாள். ஒரு முறை திறந்த சொலூஷன் சில மாதங்களில் காய்ந்துவிடும். அவ்வப்போது அமுக்கிப் பார்த்து மாற்ற வேண்டும்.

3. வண்டிக்குரிய அளவில் புது டியூப் ஒன்று. இதைப் பழைய துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஸ்பேனரோடு உராய்ந்தால் பையிலேயே ஓட்டை விழும்.

4. பிளக் ஸ்பேனர், நல்ல நிலையில் உள்ள பிளக் ஒன்று.

5. சக்கரத்தின் அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், 10-11, 12-13 அளவு ஸ்பேனர்கள், திருப்புளி, கட்டிங் பிளேயர். தன் வண்டியின் நட்டுகளில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து வாங்குவதே சரி.

6. ஆக்சிலேட்டர் கேபிள் ஒன்று. கியர் உள்ள மோட்டார் சைக்கிளாக இருந்தால் கிளட்ச் கேபிளும் வேண்டும்.

7. செயின் லாக் ஒன்று. பேட்டரி உள்ள வண்டிக்கு அதே ஆம்பியரில் ஃபியூஸ் இரண்டு.

8. இரண்டு முழம் கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை, நைலான் கயிறு.

9. டார்ச் விளக்கு, துடைக்கும் துணி, தண்ணீர் பாட்டில், காயம் கட்டச் சுத்தமான துணியும் மருந்தும்.

இத்தனையும் சேர்ந்து அதிக இடத்தை அடைக்காது. ஒரு டியூபின் விலை பொதுவாகப் பத்து லிட்டர் பாலின் விலையைத் தாண்டாது. ஒரு நாள் பால் வீணாகாமல் தப்பினாலே டியூபுக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும்.

தனி ஆளாகப் பஞ்சர் ஒட்டும் முறை

கம்பிச் சக்கரத்தில் டியூப் உள்ள வண்டிக்கு, பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. புது டியூப் மாற்றும்போதுதான் கழற்ற வேண்டும். தனியாக இருப்பவருக்கு இது பெரிய உதவி.

முதலில் சரக்கை இறக்கி, சமமான இடத்தில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். டயரை மெதுவாகச் சுற்றி முள்ளோ ஆணியோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், வால்விலிருந்து அது எத்தனை கம்பி தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு பிடுங்கலாம். பிறகு டியூபில் ஓட்டையைத் தேடுவது எளிது.

மிச்சக் காற்றை இறக்கி, செயின் இல்லாத பக்கமாக டயரின் விளிம்பை லீவரால் நெம்பி வெளியே எடுக்க வேண்டும். லீவரை ஆழமாக விட்டால் டியூபைக் கடித்துவிடும். டியூபை இழுத்துச் சிறிது காற்றடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் வரும். சத்தம் கேட்காவிட்டால் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

அந்த இடத்தைப் பேட்சைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, சொலூஷனை மெல்லியதாகப் பூச வேண்டும். பூசியவுடன் ஒட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. ஐந்து நிமிடம் பொறுத்து, விரலில் ஈரம் ஒட்டாத நிலை வந்த பிறகே பேட்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அடுத்த வேலை மிக முக்கியம். டயரின் உட்பக்கம் முழுவதும் துணியை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். கருவேல முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து நிற்கும். அதை எடுக்காமல் டியூபைப் போட்டால் அரைக் கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர்தான். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். துணியானால் முள்ளில் மாட்டி நிற்கும்.

கடைசியாக, டியூபில் சிறிது காற்று வைத்து உள்ளே தள்ளி, டயர் விளிம்பைக் கையாலேயே உள்ளே அமுக்கி வர வேண்டும். வால்வு உள்ள இடத்தைக் கடைசியில் முடித்தால் டியூப் மாட்டிக்கொள்ளாது. பிறகு முழுக் காற்று அடிக்கலாம்.

டியூப் இல்லாத டயர் உள்ள வண்டிக்கு வேலை இன்னும் குறைவு. அதற்கென விற்கும் திரி, துளை ஊசி, பசை ஆகியவை போதும். எல்லாம் தயாரான பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் திரி நிற்காது. மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால்

உதைத்துக் களைத்துப் போவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, பிளக் கேப் இறுக்கமாக இருக்கிறதா, சுவிட்சு சரியாக இருக்கிறதா. பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். இன்ஜின் சூடாக இருந்தால் சற்று ஆறவிட்டே கழற்ற வேண்டும். கரி படிந்திருந்தால் துடைத்து மாட்டலாம். அதற்கும் சரிப்படாவிட்டால் புது பிளக்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயில் கூடினால் பிளக்கில் கரி படியும். குறைந்தால் இன்ஜின் பிடித்துவிடும். கையேட்டில் 50-க்கு 1 என்று இருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில் என்று பொருள். கண் அளவில் ஊற்றாமல் அளவு மூடியில் ஊற்ற வேண்டும். 2020-க்குப் பின் வந்த புது வண்டிகள் பலவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்சாரத்தால் பெட்ரோல் தெளிக்கும் அமைப்பு இருக்கிறது. அதைச் சாலையோரத்தில் பிரிக்கவே கூடாது. ஃபியூஸையும் பேட்டரி இணைப்பையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மலைச்சாலையில் கூடுதல் கவனம்

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களும், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுகிறவர்களும், கம்பம்மெட்டு வழியாகப் போகிறவர்களும் தினமும் மலையேறி இறங்குகிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வரும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, பிரேக் சூடாகி, கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போய்விடும். பிரேக் இளகுவது போல் தோன்றினால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். கியர் வண்டியானால் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

ஆடிச் சாரலில் பிளக் கேப்பில் ஈரம் இறங்கும். துடைத்து மாட்டினால் சரியாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வாகனங்கள் நெருக்கமாக வரும். அப்போது எந்த வேலையானாலும் வளைவில் நிறுத்திச் செய்யக் கூடாது. நூறு அடி தள்ளிக்கொண்டு போயாவது நேர்ச்சாலையின் ஓரத்தில், மண் பகுதியில் நிறுத்த வேண்டும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்து எறிந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதை அங்கேயே விட்டுப் போனால் அடுத்து வருபவர் விழுவார்.

வாழைத்தாரும் மூட்டையும் பின்விளக்கை மறைத்துவிடுவதை யாரும் கவனிப்பதில்லை. இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு மொபெட் இருப்பதே தெரியாது. சிவப்பு நிற ஒளிரும் ஸ்டிக்கரைப் பால் கேனிலும் கேரியரின் ஓரத்திலும் ஒட்டிவிட்டால் உயிர் காக்கும். ஹெல்மெட்டும் அப்படித்தான். விபத்து என்றால் 108-ஐ அழைக்கலாம்.

முதலில் சரக்கு, பிறகு வண்டி

பை கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பழுதையும் சாலையிலேயே சரிசெய்ய முயலக் கூடாது. அரை மணி நேரத்தில் முடியாத வேலை என்று தெரிந்தால், வருகிற ஆட்டோவிலோ பஸ்ஸிலோ தெரிந்தவர் வண்டியிலோ முதலில் சரக்கை அனுப்பிவிட வேண்டும். வண்டி மத்தியானம் சரியானாலும் போதும். பால் அதுவரை தாங்காது.

பையை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. இருட்டில், சரக்கு காத்திருக்கும்போது முதல் முறையாக லீவரைப் பிடிப்பவருக்கு வேலை ஓடாது. அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அப்படி ஒரு நாளில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, டயரைக் கழற்றி மாட்டிப் பழகலாம். மகனையும் மகளையும் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தால், அவசரத்துக்கு அவர்கள் வண்டியை எடுத்துப் போகும் நாளில் கை கொடுக்கும். பையில் தீர்ந்ததை நிரப்பவும், கேபிள் நரம்பு பிரிந்திருக்கிறதா, செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் மாதம் ஒரு முறை அதே நாள் போதும்.

மண்வெட்டிக்குக் காம்பு இறுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பிறகே விவசாயி வயலில் இறங்குகிறார். மொபெட்டுக்கும் அதே கவனத்தைக் கொடுத்தால், விடியற்காலையில் கிளம்பிய சரக்கு விடியுமுன் போய்ச் சேரும்.